கொம்பு முளைக்கும் வரை ஆறு நிற்கவில்லை

ஆற்றின் இக்கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். கொம்புள்ளவை மட்டுமே கூட்டத்துக்காக முடிவெடுக்கலாம். பெண்மான்களுக்குக் கொம்பே கிடையாது. ஆகவே அவற்றுக்கு வாயும் கிடையாது!

ஆண்மான்களின் கொம்பும் நிரந்தரமல்ல. ஆண்டுக்கொரு முறை உதிரும், மறுபடி முளைக்கும். அந்த ஆண்டு எல்லா ஆண்களுக்கும் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டது. தலைவன் நெடுங்கொம்பனின் தலைகூட வழுவழுவென்றிருந்தது.

அப்போது ஒரு நாள் காலை, மரத்தின் மேலிருந்து ஒரு மந்தி கத்தியது.

"ஏய் மான்களே! மலைச்சரிவில் செந்நாய்கள் இறங்கியிருக்கின்றன! இருபதுக்குக் குறையாது! ஒரு பெரிய மிளாமானைத் தின்றுவிட்டுப் படுத்துக் கிடக்கின்றன. நாளைக்கு மறுபடி பசிக்கும்!"

கருவிழி என்ற இளம் பெண்மான் தலை நிமிர்ந்தது.

"அக்கா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு?"

"இப்போது உன் முழங்கால் அளவு. ஆனால் மலையில் மழை கொட்டுகிறது. உச்சிவேளைக்கு உன் வயிறு நனையும். சாயங்காலம் இறங்க யானையே யோசிக்கும்!"

கருவிழிக்குச் சட்டென்று புரிந்தது. இன்றே அக்கரைக்குப் போய்விட்டால் அந்த வெள்ளமே காவல். செந்நாய்களால் தாண்ட முடியாது. இன்று போகாவிட்டால் அதே வெள்ளம் பொறி. முன்னால் ஆறு, பின்னால் செந்நாய்.

அது தன் தங்கை பூம்புள்ளியிடம் ஓடியது. பூம்புள்ளி குட்டி போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தாய்க்கு முழங்கால் அளவென்றால் குட்டிக்கு வயிறளவு. அதுவரை தட்டுத்தடுமாறி நடந்துவிடும். அதற்கு மேல் முடியாது.

"எழுந்திரு! குட்டியைக் கூப்பிடு! போகலாம்!"

"கூட்டம் சொல்லாமலா?" என்று பூம்புள்ளி தயங்கியது. "நாம் மட்டும் அக்கரையில் தனியாக என்ன செய்வது? நீ போய்க் கேள் அக்கா. அவர்கள் சரி என்றால் முதல் ஆளாக நான் இறங்குகிறேன்."

கருவிழி கேட்கப் போனது. போகாமலே இருந்திருக்கலாம்.

நெடுங்கொம்பன் நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்ற ஆண்மான்கள். சற்றுத் தள்ளிப் பெண்மான்கள்.

"அண்ணே, செந்நாய் வந்துவிட்டது. ஆறு ஏறுகிறது. உடனே கடக்க வேண்டும்!"

"மந்தி கத்தியது என் காதிலும் விழுந்தது."

"பிறகு ஏன் படுத்திருக்கிறீர்கள்?"

"முடிவெடுக்க யார் இருக்கிறார்கள்? என் தலையைப் பார். இவன் தலையைப் பார். எங்காவது கொம்பு தெரிகிறதா?"

"ஆற்றைக் கடப்பது காலால்தானே அண்ணே! கொம்பாலா?"

பெண்மான்கள் சிரித்துவிட்டன. நெடுங்கொம்பனின் காதுகள் மடங்கின.

"கிண்டலா? பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம் இது. கொம்பு முளைக்கட்டும். கூடும் முதல் கூட்டத்தில் முதல் பேச்சே இதுதான்!"

"முளைக்க எத்தனை நாள் ஆகும்?"

"மூன்று மாதம்."

"அதுவரை செந்நாய் தூங்குமா?"

"அதை நீயே போய்ச் செந்நாயிடம் கேள்!"

இப்போது ஆண்மான்கள் சிரித்தன. கருவிழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது முன்காலைத் தரையில் அடித்தது.

"சரி! கொம்பில்லாதவர் முடிவெடுக்கக் கூடாது. அதுதானே வழக்கம்? அப்படியானால் இங்கேயே இருப்பது என்று நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?"

அசை போடும் வாய்கள் எல்லாம் நின்றன.

"அது... அது முடிவல்ல. அது சும்மா இருப்பது," என்று நெடுங்கொம்பன் இழுத்தது.

"சும்மா இருந்து செத்தால் அது சாவில்லையா?"

பெண்மான்கள் ஒவ்வொன்றாகத் தலையாட்டின. கருவிழி ஜெயித்துவிட்டது! ஆனால் அதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. காலையில் வெளியே தெரிந்த பாறைகள் ஆற்றுக்குள் போயிருந்தன.

பேசி ஜெயித்த கருவிழி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நீரோரத்தில் குட்டியோடு நின்ற பூம்புள்ளி தெரிந்திருக்கும். ஒரு காலைத் தண்ணீரில் வைப்பதும், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தக் காலை எடுப்பதுமாக அது நின்றது.

அப்போது வேங்கன் என்ற இளம் ஆண்மான் துள்ளி எழுந்தது.

"என் தலையில் ஏதோ முட்டுகிறது! கொம்பு முளைக்கிறது போல!"

எல்லா ஆண்களும் அதைச் சூழ்ந்துகொண்டன. வேங்கனின் நெற்றிக்கு மேல், நாவல்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு.

"கொம்பா? நேற்று இவனைக் குளவி கொட்டியது. நான் பார்த்தேன்!" என்றது ஒன்று.

"குளவி கொட்டியது மூக்கில்!"

"ஒரு பக்கம்தானே புடைத்திருக்கிறது? கொம்பென்றால் இரண்டு பக்கமும் வர வேண்டாமா?"

"நக்கிப் பார். வலித்தால் வீக்கம். வலிக்காவிட்டால் கொம்பு!"

"வலிக்கிறது. ஆனால் லேசாகத்தான் வலிக்கிறது!" என்றது வேங்கன்.

"கொம்போ வீக்கமோ, முதலில் கிளம்புங்கள்!" என்று கருவிழி அலறியது.

"பொறு! எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். நீ கேட்டதற்காகத்தானே இவ்வளவு பாடு!" என்றது நெடுங்கொம்பன்.

கருவிழி பொறுத்தது.

ஆண்மான்கள் மோந்து பார்த்தன, நக்கிப் பார்த்தன, விலகி நின்று கூடிப் பேசின. பொழுது மேற்கே சாய்ந்தபோது நெடுங்கொம்பன் அறிவித்தது: "கொம்புதான்!"

வேங்கன் மார்பை நிமிர்த்தி ஆணையிட்டது: "ஆற்றைக் கடந்து போங்கள்!"

கூட்டம் பாய்ந்து இறங்கியது. தண்ணீர் இப்போது பெரிய மான்களின் கழுத்தளவு. கருவிழி முன்னால் நீந்தி வழி காட்டியது. ஒன்றன்பின் ஒன்றாக மான்கள் மூச்சிரைத்துக்கொண்டு அக்கரை ஏறின. கருவிழி திரும்பிப் பார்த்து எண்ணியது. ஒன்று குறைந்தது. ஒன்றல்ல, இரண்டு.

பூம்புள்ளி இக்கரையிலேயே நின்றிருந்தது. ஒருமுறை குட்டியோடு இறங்கியது. வெள்ளம் குட்டியை உருட்டிக்கொண்டு போனது. பூம்புள்ளி பாய்ந்து அதைக் கரைக்கு முட்டித் தள்ளியது. குட்டி நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. மறுபடி இறங்க மறுத்துவிட்டது.

"குட்டியை விட்டுவிட்டு வா!" என்று அக்கரையிலிருந்து ஒரு மான் கத்தியது.

பூம்புள்ளி குட்டியின் மேல் ஒட்டியிருந்த சேற்றை நக்கத் தொடங்கியது.

கருவிழி மறுபடி ஆற்றில் குதித்தது. வெள்ளம் அதை ஒரு புரட்டுப் புரட்டி, குதித்த அக்கரையிலேயே தள்ளிவிட்டது. மீண்டும் குதித்தது. மீண்டும் தள்ளியது.

மறுநாள் விடிந்ததும் செந்நாய்கள் வந்தன. அக்கரையிலிருந்து எல்லா மான்களும் பார்த்தன. வேங்கன் மட்டும் பார்க்கவில்லை. அது இரண்டாவது புடைப்பு வந்துவிட்டதா என்று தலையை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் போனது. செந்நாய்கள் மலை தாண்டிப் போய்விட்டன. ஆறு வடிந்தது. ஆண்மான்களுக்குக் கொம்பு கிளைவிட்டு வளர்ந்தது. கூட்டம் கூடியது.

"அந்த நாள் நம் கூட்டத்தின் திருப்புமுனை!" என்று நெடுங்கொம்பன் முழங்கியது. "உரிய நேரத்தில் ஆணை பிறந்தது. பிழைத்தோம். ஒரு தாயையும் ஒரு குட்டியையும் மட்டும் வெள்ளம் கொண்டுபோனது. அது விதி!"

"வெள்ளமா?" கருவிழி எழுந்தது. "காலையில் தண்ணீர் முழங்கால் அளவுதான்!"

"உனக்குக் கொம்பிருக்கிறதா?" என்றது வேங்கன். அதன் கொம்பு வெயிலில் பளபளத்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரும் தலையாட்டவுமில்லை. "விடு கருவிழி. நடந்தது நடந்துவிட்டது," என்று ஒரு பெண்மான் முணுமுணுத்தது.

கருவிழி கூட்டத்தை விட்டு ஆற்றுக்கு நடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த ஒரு குட்டி அதன் பின்னாலேயே ஓடி வந்தது.

"அத்தை, முழங்கால் அளவு என்றால் எவ்வளவு?"

கருவிழி தண்ணீரில் இறங்கி, முழங்கால் நனையும் இடத்தில் நின்றது. குட்டியும் தாவி இறங்கிப் பக்கத்தில் நின்றது. தண்ணீர் அதன் வயிற்றை மெல்லத் தொட்டது.

"இவ்வளவுதானா? இதில் நானே நடந்து போவேனே!"

கருவிழி தலையைத் திருப்பி, பூம்புள்ளி நின்ற எதிர்க்கரையைப் பார்த்தது.

வாழ்க்கை திரும்பும் நேரம் யாருடைய அனுமதிக்காகவும் காத்து நிற்பதில்லை; அனுமதி கேட்டு நிற்பவர்களை விட்டுவிட்டு அது போய்விடும்.