லெப்பை கேட்ட துஆ

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே. நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் வாழ்ந்த காலம் அது. வெண்மணல்பட்டினத்தை முனவ்வர் என்ற சுல்தான் ஆண்டுவந்தார்.

அந்த ஊர்ப் பள்ளிவாசலில் தொழவைப்பவர் ஹாரூன் லெப்பை. தொழுகை முடிந்து அவர் கையேந்தித் துஆ கேட்டால் ஊரே உருகும். மழை வேண்டிக் கேட்பார். நோயாளிக்குச் சுகம் வேண்டிக் கேட்பார். கடலுக்குப் போனவர் கரைசேர வேண்டிக் கேட்பார். எல்லாமே ஊரார் பேசும் தமிழில்தான்.

ஒரு வருடம், முத்துக் குளிக்கும் கடலுக்காகத் தென்கரைத் தலைவர் இத்ரீசுக்கும் சுல்தானுக்கும் சண்டை மூண்டது. பலர் செத்தார்கள். லெப்பையின் ஒரே மகன் யூனுசும் செத்தான்.

சுல்தான் லெப்பையை வரவழைத்தார்.

"வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் துஆ கேளும். எனக்குப் பகைவன் இல்லாமல் போகவேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் நீர். நீர் கேட்டால் பலிக்கும்."

லெப்பை வீட்டுக்கு வந்து மனைவி ருகையாவிடம் சொன்னார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நானும் கேட்டுப் பாத்தேங்க. தொழுதுட்டுக் கையேந்தினேன். அந்த ஆளு அழிஞ்சுபோகணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவனையும் பெத்த உம்மா ஒருத்தி இருப்பாளேன்னு தோணுச்சு. அதுக்கு மேல வார்த்தை வரல."

"எனக்கும் வரல" என்றார் லெப்பை.

வெள்ளிக்கிழமை வந்தது. சுல்தான் முதல் வரிசையில் இருந்தார். வேவு பார்க்க வந்த தென்கரை ஆள் ஒருவன் கடைசி வரிசையில் இருந்தான். லெப்பை கையேந்தினார்.

"யா அல்லாஹ், எங்களுக்குப் பகைவனே இல்லாமல் ஆக்கு."

"ஆமீன்" என்று பள்ளிவாசல் அதிர்ந்தது.

"தென்கரையார் நெஞ்சில் இருக்கும் பகையை எடுத்துவிட்டு, எங்களுக்குப் பகைவனே இல்லாமல் ஆக்கு."

ஆமீன் மெல்லத்தான் வந்தது.

"எங்கள் நெஞ்சில் இருப்பதையும் எடுத்துவிட்டு, எங்களுக்குப் பகைவனே இல்லாமல் ஆக்கு."

யாரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ருகையாவின் குரல் மட்டும் "ஆமீன்" என்றது. பிறகு ஊரே சொன்னது.

சுல்தானின் முகம் சிவந்தது. "நான் கேட்கச் சொன்னது இதுவா?"

"பகைவன் இல்லாமல் போகவேண்டும் என்றீர்கள். அதைத்தான் கேட்டேன். ஒருவர் சாகவேண்டும் என்று என்னைப் படைத்த ரப்பிடம் கேட்க எனக்கு நா எழவில்லை."

"அடுத்த வெள்ளிக்குள் இத்ரீஸ் பணியாவிட்டால் நீர் இந்த ஊரில் இருக்கக்கூடாது."

வேவு பார்த்தவன் ஊர் திரும்பி இத்ரீசிடம் சொன்னான்: "உங்கள் அழிவைக் கேட்பார்கள் என்று போனேன். மகனை இழந்தவர் பகை தீரக் கேட்டார். பெற்றவள் முதலில் ஆமீன் சொன்னாள்."

இத்ரீசுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆயுதம் இல்லாமல் ஒரே படகில் வந்தார். அரண்மனைக்குப் போகுமுன் லெப்பையின் வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றார். ருகையா அழுதாள். அழுதுகொண்டே அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்த வெள்ளியன்று சுல்தானும் இத்ரீசும் தோளோடு தோள் நின்று தொழுதார்கள். முத்துக் குளிக்கும் கடலில் இரு கரையாரும் முறைவைத்து இறங்குவதென்று முடிவானது. சுல்தான் லெப்பையின் கையைப் பற்றிக்கொண்டார்.

"என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு இப்படி ஒரு நல்ல பொருள் இருப்பது எனக்கே தெரியவில்லை."

யூனுஸ் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கரையிலும் ஒரு பிள்ளையும் அந்தச் சண்டையில் சாகவில்லை.

இறைவனிடம் கையேந்தும்போது பகைவனின் அழிவைக் கேட்காமல், பகையின் அழிவைக் கேட்க வேண்டும்.