சோலைமலையின் பசி

சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் ஐயாறப்பரைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறவர் எவரும் இல்லை.

பகலில் ஒரு வேளை. ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்சம் மோர். வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த நாளிலிருந்தே அப்படித்தான். ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தபோது, மடத்தின் தலைவி தெய்வானை அம்மையார் அவரிடம் சமையலறைச் சாவியைக் கொடுத்தார். சாப்பாட்டில் ஆசையில்லாதவர் கையில் சாவி இருப்பது நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கும் அது சரியென்றே பட்டது.

அம்மையார் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். மடத்துக்கு வருமுன் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் செண்பகம் என்ற பெண் தன் தம்பியை ஆட்டோவில் அழைத்து வந்தாள். தம்பி பெயர் சோலைமலை. முப்பத்தாறு வயது. அவனை இறக்குவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. நூற்று நாற்பது கிலோ இருப்பான்.

"இவன் இப்படி இருந்தவன் இல்லைங்கம்மா," என்றாள் செண்பகம். "போர் போடுற வண்டியில வேலை பார்த்தான். இரும்புக் குழாயை ஒத்தைத் தோள்ல தூக்குவான். நாலு வருஷம் முன்னாடி பார்வை மங்குச்சு. மூளைக்கு அடியில கட்டின்னாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பார்வை வந்துருச்சு. ஆனா அன்னைக்கிலேர்ந்து பசி நிக்கலை."

சோலைமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் மில்லுக்கு ஷிப்ட் போறவ. வீட்டுல அரிசி டிரம்முக்குப் பூட்டு போட்டேன். கூடப் பிறந்தவனுக்குப் பூட்டு போட்டுட்டு வேலைக்குப் போறது எனக்கு ஆகலைங்கம்மா. இங்க வச்சுக்கங்க."

ஒரு மருந்துப் பெட்டியையும் டாக்டர் எழுதிய காகிதத்தையும் கொடுத்தாள். அம்மையார் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு பெட்டியையும் காகிதத்தையும் ஐயாறப்பரிடம் நீட்டினார்.

"இது உங்கள் பொறுப்பு."

ஐயாறப்பர் காகிதத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். மடித்து அலமாரியில் வைத்தார்.

சோலைமலை நல்லவன். வந்த இரண்டாம் நாளே, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த கிணற்று மோட்டாரைச் சரிசெய்தான். குனிந்து நிமிரும்போதெல்லாம் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். யாராவது தன்னைப் பார்த்தால் தானே முந்திக்கொண்டு சிரித்தான்.

ஆனால் பந்தியில் கடைசியாக எழுபவன் அவன்தான். மூன்று முறை சோறு வாங்குவான். நான்காவது முறை கேட்கக் கூசி, காலி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் எல்லோரும் வழிபாட்டில் இருந்த நேரம். ஐயாறப்பர் தீப எண்ணெய் எடுக்கச் சமையலறைக்குப் போனார். சோலைமலை மாவு டின்னுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பச்சை அரிசிமாவை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். மீசையெல்லாம் வெள்ளை.

"திருடித் தின்ன வெட்கமாக இல்லை?"

"இருக்குங்கய்யா," என்றான் சோலைமலை. அழுதான். அழுதுகொண்டே வாயில் இருந்ததை விழுங்கினான்.

ஐயாறப்பர் நேராக அம்மையாரிடம் போனார்.

"அம்மா, இவனுக்கு வைராக்கியம் என்பது துளியும் இல்லை. இவனை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?"

அம்மையார் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தார்.

"கையை நீட்டுங்கள்."

ஐயாறப்பர் நீட்டினார். அம்மையார் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

"நூற்று இருபத்தாறு. இதில் ஒரு பத்தைக் குறையுங்கள்."

"நானா?"

"வைராக்கியம் உள்ளவர்தானே."

ஐயாறப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். முப்பது வருடமாகப் பழகிய தியானம். மூச்சைச் சீராக்கினார். மனதில் இருந்ததை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். குறை, குறை என்று உள்ளே சொல்லிக்கொண்டார். வெகு நேரம் கழித்து அம்மையார் மறுபடி காற்றடித்தார்.

"நூற்று முப்பத்தெட்டு."

ஐயாறப்பரின் முகம் சிவந்தது.

"அது உங்கள் பேச்சைக் கேட்கவில்லையே," என்றார் அம்மையார்.

"அது என் கையில் இல்லையே அம்மா."

"யார் கையில் இருக்கிறது?"

"தெரியவில்லை."

அம்மையார் பட்டையைக் கழற்றினார்.

"மூளைக்கு அடியில் ஒரு பாதாம்பருப்பு அளவு இடம். கொழுப்பிலிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் ஏறி அங்கே போகிறது. சேமிப்பு இருக்கிறது, பயமில்லை என்று சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் அந்த இடம் பசியை அமர்த்துகிறது. எவ்வளவு கொழுப்பை எரிக்கலாம், ரத்தத்தை எவ்வளவு அழுத்தமாக ஓட்டலாம் என்றெல்லாம் முடிவு செய்வதும் அதுதான். சோலைமலைக்குக் கட்டி வந்தது அங்கே. கட்டியை எடுத்தபோது அந்த இடமும் சிதைந்துவிட்டது. இப்போது சேதி வருகிறது, கேட்க ஆளில்லை. நூற்று நாற்பது கிலோ உடம்புக்குள் அவன் மூளை பஞ்சத்தில் கிடக்கிறது."

"மனிதனுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறதே அம்மா."

அம்மையார் கருவியை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஐயாறப்பர் சமையலறைக் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார்.

ஆவணியில், கரூரில் படுக்கையாகக் கிடந்த ஒரு தோழியைப் பார்க்க அம்மையார் புறப்பட்டார். திரும்ப நான்கு நாளாகும்.

"சோலைமலையின் மாத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார்.

"சரி அம்மா."

அன்று மதியமே சோலைமலை அவரைத் தேடி வந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான்.

"ஐயா, உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதா?"

"பசிக்கும். நான் அதைக் கேட்கமாட்டேன்."

"எனக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கய்யா."

ஐயாறப்பர் முப்பத்திரண்டு வருடம் யார் யாருடைய கோப்புகளிலோ கையெழுத்துப் போட்டவர். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடு என்று அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை.

"கஷ்டமாக இருக்கும்."

"இப்ப மட்டும் எப்படி இருக்குங்கய்யா?"

"மூன்று நாள். வெறும் தண்ணீர். முடியுமா?"

"நீங்க பக்கத்துல இருந்தா முடியும்."

அடுத்த நாள் காலையில் தொடங்கினார்கள். சோலைமலை மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"இதை என்னங்கய்யா பண்றது?"

ஐயாறப்பர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். உணவுக்குப் பின் என்று எழுதியிருந்தது. உணவே இல்லாதபோது பின் ஏது? தவிர, மாத்திரையை விழுங்கிக்கொண்டு இருக்கும் விரதம் என்ன விரதம்? அலமாரியில் இருந்த காகிதம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது.

"மூன்று நாள்தானே," என்றார்.

முதல் நாள் சோலைமலை துடித்தான். தூணைக் கட்டிக்கொண்டான். நெற்றியால் முட்டினான். ஐயாறப்பர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அப்படி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

இரண்டாம் நாள் காலை வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர்தான் வந்தது. கை சில்லிட்டிருந்தது. பாயிலிருந்து எழவில்லை.

"ஐயா," என்றான் மதியம்போல. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "பசி குறைஞ்ச மாதிரி இருக்குங்கய்யா."

"நிஜமாகவா?"

"ஆமாங்கய்யா. சோத்தை நினைச்சாலே குமட்டுது."

ஐயாறப்பருக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஜெயித்துவிட்டாய் சோலைமலை," என்றார். அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். சோலைமலை சிரித்தான். இந்த முறை யாரையும் முந்திக்கொண்டு சிரித்த சிரிப்பாக அது இல்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது, எழுப்ப எழுப்ப அவன் கண் திறக்கவில்லை. மடத்தில் இருந்த ஒருவர் அம்மையாரின் கருவியை எடுத்து வந்தார். எத்தனை முறை காற்றடித்தும் நாடியின் ஓசை கேட்கவில்லை. வேன் வைத்துக் கொண்டுபோனார்கள். திண்டுக்கல் எல்லையைத் தொடும்போது ஐயாறப்பரின் மடியில் இருந்த தலை இன்னும் கனத்தது. மூச்சு நின்றிருந்தது.

மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"மாத்திரை கொடுத்தீங்களா?"

"இல்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"பட்டினியோ காய்ச்சலோ வந்தால் மூளை உத்தரவு போடும். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி கூடுதலாக ஒரு ஹார்மோன் சுரக்கும். ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது அதுதான். இவருக்கு உத்தரவு போடும் இடம் இல்லை. அந்த மாத்திரைதான் இவர் ரத்த ஓட்டத்தைப் பிடித்து வைத்திருந்தது. இரட்டிப்பாகக் கொடுத்திருக்க வேண்டிய நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள்."

"நேற்றுப் பசி குறைந்தது என்றானே?"

"குறையும். அழுத்தம் விழ ஆரம்பிக்கும்போது அப்படித்தான். வாந்தி வரும், சாப்பாடு பிடிக்காது. அப்போதே கொண்டுவந்திருந்தால் ஒரு ஊசியில் எழுந்திருப்பார்."

ஐயாறப்பர் காவல் நிலையத்தில் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

செண்பகம் மில் சீருடையோடு வந்து சேர்ந்தாள். பிணவறை வாசலில் ஐயாறப்பர் அவள் முன்னால் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார். அவள் எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போகும்போது பசியோட போனானா?"

"இல்லை. பசி இல்லை என்றுதான் சொன்னான்."

செண்பகம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, "அந்த மாத்திரைப் பெட்டியைக் குடுங்க," என்றாள். அவர் கையோடு கொண்டுவந்திருந்ததை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் அம்மையார் சேதி அறிந்து கரூரிலிருந்து வந்தார். முதல் வேலையாக அலமாரியைத் திறந்து காகிதத்தை எடுத்தார். மடிப்புக்கூடப் பிரியாமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"உங்களை உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். காகிதத்தைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்," என்றார்.

ஐயாறப்பர் சமையலறைச் சாவியை அவர் முன்னால் வைத்தார்.

"அம்மா, நான் இனி சாப்பிடப் போவதில்லை. உட்கார்ந்த இடத்தில் உயிரை விட்டுவிடுகிறேன். அனுமதி கொடுங்கள்."

"அது உங்களுக்குச் சுலபம்," என்றார் அம்மையார். "வேறு ஏதாவது கேளுங்கள்."

ஐயாறப்பர் தலை குனிந்திருந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்பவர்போலப் பேசினார்.

"அவனைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த சாயங்காலம் எனக்குப் பசித்தது அம்மா. ஒரு நாளும் இல்லாத பசி. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறேன், எனக்குப் பசிக்கிறது. நான் என்ன பிறவி?"

"சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன்."

"எவ்வளவு?"

"இரண்டு கரண்டிச் சோறு. அதற்கு மேல் இறங்கவில்லை."

"துக்கத்தாலா?"

ஐயாறப்பர் யோசித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லை அம்மா. வயிறு நிறைந்துவிட்டது. போதும் என்று தோன்றியது."

அம்மையார் காகிதத்தை அவர் கையில் கொடுத்தார்.

"அந்தப் 'போதும்' அவனுக்கு நாலு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை ஐயாறப்பரே."