வீட்டுக்குள்ளே போன பாதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பாதைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலத்தில், அயர்லாந்து என்கிற பச்சைத் தீவில் டோனல் என்றொரு கொத்தன் இருந்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். வீடு கட்டுமுன் மனையின் நாலு மூலையிலும் நாலு கல் வைப்பார்கள். விடிந்து பார்த்தால் நாலும் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று நகர்ந்திருந்தாலும், அது மந்திரம் தெரிந்த மாயக்கூட்டத்தார் நடக்கிற பாதை. வேறு மனை பார்க்க வேண்டியதுதான்.

டோனல் வைத்ததில் ஒரு கல் நகர்ந்திருந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலாலேயே பழைய இடத்துக்குத் தள்ளினான்! பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

வீடு எழும்பியது. குடிபோன அன்றைக்கே அவனுடைய ஒரே மகள் ஓர்லாவுக்குக் கால் விளங்காமல் போய்விட்டது. தாயில்லாத பெண், பன்னிரண்டு வயது.

தினமும் பொழுது சாயும்போது பின்சுவருக்கு வெளியே காலடிச் சத்தம் வரும். சுவரோரம் வந்து நின்றுவிடும். "வழி விடு!" என்று ஒரு குரல் கேட்கும்.

முதல் நாள் டோனல் பால் வைத்தான். "வழி விடு!" இரண்டாம் நாள் வெண்ணெய் வைத்தான். "வழி விடு!" மூன்றாம் நாள், மாயக்கூட்டத்தாருக்கு இரும்பு ஆகாதே என்று இரும்பு லாடத்தைத் தொங்கவிட்டு மிரட்டினான். "வழி விடு!"

"அப்பா, அவங்க சாப்பாடா கேக்கறாங்க? வழியைத்தானே கேக்கறாங்க," என்றாள் ஓர்லா. "கல்லு நகரவே இல்லேன்னு சொன்னீங்களே, நிஜமா?"

டோனல் தலையைக் குனிந்துகொண்டான். "நகர்ந்துதும்மா. நான்தான் தள்ளி வெச்சேன்."

"அப்ப பின்சுவரை இடிச்சு, முன்வாசலுக்கு நேரா இன்னொரு வாசல் வைங்க."

"குளிர்காலம்டி! காத்து உள்ளே புகுந்து அடிக்கும். அப்புறம் இது வீடா?"

"நான் நடப்பேனேப்பா."

டோனல் எழுந்தான். கடப்பாரையை எடுத்தான். தான் கட்டிய சுவரைத் தானே அழுதுகொண்டே இடித்தான்.

மாலையில் இரண்டு வாசலும் திறந்திருந்தன. வந்தார்கள். குழல் ஊதுகிறவர்கள், குதிரைக்காரர்கள், இடுப்பில் பிள்ளை வைத்த பெண்கள், எல்லோரும் அடுப்பைத் தாண்டி, மேசையைத் தாண்டி, ஓர்லாவின் கட்டிலைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் வந்த அவர்களுடைய ராணி மட்டும் நின்றாள்.

"எங்கள் நடை உங்கள் சுவரில் நின்றது. அதனால் உன் நடை நின்றது. எழுந்திரு, பெண்ணே."

ஓர்லா எழுந்தாள். முன்வாசல் வரைக்கும் கூடவே நடந்து போய் ராணியை வழியனுப்பினாள். பழக்கத்தில் கதவைச் சாத்தப் போன டோனல், சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

அதன்பிறகு அந்த வீட்டில் எந்த மாலையும் கதவு சாத்தியதில்லை. டோனல் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் நடுங்கியபடி உட்கார்ந்திருப்பான். மகள் இங்கும் அங்கும் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.