கடைசி வார்த்தை சரி

"ஜெஸ்லினுக்கு மட்டும் எப்படி மிஸ் இங்கிலீஷ் வருது?"

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் செண்பகவல்லி கேட்டாள்.

அவள் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூத்த நர்ஸ். அயர்லாந்து வேலைக்காக, ஒரு மருந்துக்கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஜெஸ்லின் அதே வார்டில் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவள். நரம்பு பார்த்து ஊசி போடக் கற்றுக்கொடுத்ததே செண்பகவல்லிதான். வகுப்பிலும் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள்.

டீச்சர் ரூபவதி வயதில் சின்னவள். ஆனாலும் எல்லோருக்கும் மிஸ்.

"அவங்களுக்கு வருது. அதுல உங்களுக்கு என்ன அக்கா?"

"அவ வாயைத் திறந்தாலே எனக்கு வயிறு எரியுது மிஸ். ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கூட இப்ப என்னைத் தாண்டிப் போய் அவகிட்டதான் பேசுறார்."

ரூபவதி சாக்பீஸை நீட்டினாள்.

"இன்னைக்கு நடத்தினதை வச்சு எழுதுங்க. நடந்து முடிஞ்சதா இருக்கணும்."

செய்கிறவரும் அதை அனுபவிக்கிறவரும் ஒரே ஆள் என்றால் கடைசியில் 'செல்ஃப்' வரும். அதுதான் அன்றைய பாடம். ஜெஸ்லின் கடகடவென்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் அயர்லாந்து இன்டர்வியூவுக்குப் புடவை இஸ்திரி போட வேண்டும் என்று கிளம்பிப் போயிருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு இன்டர்வியூ என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். வகுப்புக்கு வருமுன்பே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் செண்பகவல்லிக்கு போன் செய்தார். ஜெஸ்லினுக்கு லைன் கிடைக்கவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றாள். வகுப்பு முழுக்க ஜெஸ்லினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லை.

கரும்பலகையில் செண்பகவல்லி எழுதினாள்.

ஷீ ஹர்ட் மைசெல்ஃப்.

"அவள் என்னைப் புண்படுத்தினாள்," என்று தமிழிலும் சொன்னாள்.

"இப்படி ஒரு வாக்கியம் இங்கிலீஷ்ல கிடையாது அக்கா."

"அப்ப மைசெல்ஃபை எடுத்துட்டு 'மீ' போட்டுடவா?"

"போடலாம். இலக்கணம் சரியாயிடும். ஆனா அப்படி நடந்துச்சா? அவங்க உங்களை என்ன பண்ணினாங்க?"

செண்பகவல்லி யோசித்தாள்.

வார்டில் எதிர்த்துப் பேசியதில்லை. டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ளாத நாளில்லை. செண்பகவல்லிக்குக் காய்ச்சல் வந்தபோது நைட் டியூட்டியைக் கேட்காமலே மாற்றிக்கொண்டவள் அவள்.

"நல்லா பேசுறா," என்றாள் கடைசியில்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

ரூபவதி டஸ்டரை எடுத்தாள்.

"கடைசி வார்த்தையைச் சரியாத்தான் போட்டிருக்கீங்க. முதல் வார்த்தைதான் தப்பு."

ஷீயை அழித்தாள். அந்த இடத்தில் செண்பகவல்லி ஐ என்று எழுதினாள். கை மெதுவாகத்தான் நகர்ந்தது.

"இது நடந்து முடிஞ்சதுதானே மிஸ்?"

"அதுதான் இந்த ஹர்ட்கிட்ட இருக்கிற தொல்லை. ஷீக்குப் பின்னால வந்தா முடிஞ்சு போனதுன்னு தெரிஞ்சுடும்; இப்ப நடக்கிறதுன்னா ஹர்ட்ஸ்னு வந்திருக்கும். ஐக்குப் பின்னால வந்தா, நேத்து நடந்ததுக்கும் அதே எழுத்து, இப்ப நடக்கிறதுக்கும் அதே எழுத்து. எழுதினவங்கதான் சொல்லணும்."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள்.

செண்பகவல்லி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். இந்த முறை லைன் உடனே கிடைத்தது.

"ஜெஸ்லின், நாளைக்கு இன்டர்வியூ மத்தியானம் இல்ல. காலைல ஒன்பது மணிக்கு."

"அய்யோ. இப்பதான் சொன்னாங்களா அக்கா?"

"இல்ல. காலையிலேயே சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"மறந்துட்டீங்களாக்கா?"

தப்பிக்க ஒரு வழியை ஜெஸ்லினே திறந்து கொடுத்தாள். செண்பகவல்லி ஒரு கணம் அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"மறக்கல. வேணும்னுதான் சொல்லல. நீ போயிடுவேன்னு எனக்குப் பொறாமை."

போன் கட் ஆனது.

செண்பகவல்லி திரும்ப அழைத்தாள். ஜெஸ்லின் எடுக்கவில்லை.

ரூபவதி கரும்பலகையை அழிக்கவில்லை.

செண்பகவல்லியே டஸ்டரை எடுத்துக் கடைசி வார்த்தையை அழித்தாள். வேறொன்றை எழுதினாள்.

ஐ ஹர்ட் ஹெர்.

ரூபவதி அதைப் பார்த்தாள்.

"செல்ஃப் எங்க அக்கா?"

"இதுக்கு வராது மிஸ்."