குக்கபரா சிரிச்சா தப்பு

எங்க ஊரு பறவை பாக்கிற சங்கத்துல ஒரு சட்டம் இருக்குதுங்க. தனியாப் பாத்த பறவை கணக்குல சேராது. பக்கத்துல நின்ன இன்னொருத்தர், "ஆமா, நானும் பாத்தேன்"னு சொல்லோணும். இல்லாட்டி அவனவன் ஊட்டு மொட்டை மாடியில நெருப்புக்கோழியப் பாத்தேன்னு வந்து நிப்பான்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு யாரு தலைமைன்னு முடிவு பண்ற அன்னைக்கு, இந்தச் சட்டந்தான் வெள்ளியங்கிரி அண்ணனை வசமா மாட்டி உட்டுருச்சு. அந்த வருசத்துல வேற யாரும் பாக்காத பறவையப் பாத்தவங்களுக்குத்தான் தலைமை. தலைவராயிட்டா, முக்காலி மேல நிக்கிற பெரிய தொலைநோக்கியில மொத ஆளாக் கண்ணு வெக்கலாம். மத்தவங்கல்லாம் வரிசையில நிக்கோணும். அண்ணன் மோட்டார் பம்புப் பட்டறை வெச்சிருக்கறவரு. சங்கத்துல சேந்து ஒரு வருசங்கூட ஆகலை, ஆனா அந்தத் தொலைநோக்கி மேல அவருக்கு உசுரு. மக பிரசவத்துக்கு மெல்போர்ன் போயிட்டு அப்பத்தான் வந்திருந்தாரு. ஏரிக்கரை டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஒரே போடாப் போட்டாரு.

"ஆஸ்திரேலியாவுல இருக்கிற அத்தனை பறவையும் பாத்துட்டேன். ஒண்ணு பாக்கியில்ல."

செயலாளர் நாச்சிமுத்து ஐயா வேளாண்மைத் துறையில இருந்து ரிட்டையர் ஆனவரு. சட்டம்னா சட்டம்னு நிக்கிற மனுசன். "வெள்ளியங்கிரி, போறதுக்கு முந்தின வாரம் நீ காக்காயப் பாத்துக் குயிலுன்னு சொன்ன ஆளு."

"அது தூரத்துல இருந்துச்சுங்க."

"உன்ற தோள் மேல உக்காந்திருந்துது."

எல்லாரும் சிரிச்சோம். அண்ணன் சம்சாரம் பூவாத்தாக்கா மட்டும் சிரிக்காம நிலக்கடலை உரிச்சுட்டு இருந்தாங்க. அவியளும் சங்கத்துல உறுப்பினர்தான், ஆனா அதிகம் பேச மாட்டாங்க. ஆஸ்திரேலியாவுல அண்ணன் காடு மேடு சுத்துனப்பல்லாம் கூடவே போனது அவியதான். அதனால சாட்சின்னா அவிய ஒருத்தர்தான்.

"சாட்சி இந்தா உக்காந்திருக்கறா. மொதல்ல கதையக் கேளுங்க," அப்படின்னு அண்ணன் ஆரம்பிச்சாரு.

"போன புதுசுல எனக்கு ஒண்ணுமே வெளங்கலைங்க. அங்க ஒரு பறவையும் நம்மூர்ப் பறவை மாதிரி இல்லை. மாப்பிள்ளை புத்தகத்தைக் கையில குடுத்து, பைனாகுலரைக் கழுத்துல மாட்டி, 'பொழுதோட வந்தாப் போதும் மாமா'ன்னு கதவைச் சாத்திப்போட்டாரு. பூங்காவுல போயி நின்னேன். மஞ்சக் கொண்டை வெச்சு ஒரு குருவி. புத்தகத்தைப் பாத்து ஒரு பேரைச் சொன்னேன். மேல மரத்துல இருந்து கெக்கெக்கெக்கேன்னு ஒரு சிரிப்பு! அண்ணாந்து பாத்தா குக்கபரா. நம்ம மீன்கொத்திக்குப் பெரியப்பன் பையன் மாதிரி இருக்கும், மண்டை பெருசு. அடுத்த பேரைச் சொன்னேன், மறுக்காவும் சிரிக்குது. அப்படியே படிச்சுட்டே போறேன், ஒரு பேருக்குக் கம்முனு ஆயிருச்சு. அதுதான் அந்தக் குருவியோட பேரு! தப்பாச் சொன்னாச் சிரிக்கும், சரியாச் சொன்னாக் கம்முனு இருக்கும்."

"சரித்தான்," அப்படின்னேன் நானு.

"அப்பறம் என்ன? தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டேன். எந்தப் பறவை வந்தாலும் மொதப் பக்கத்துல இருந்து படிக்க வேண்டியது, சிரிப்பு நின்ன எடத்துல டிக் போட வேண்டியது. பாவம், சிரிச்சுச் சிரிச்சு அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நாந்தான் சுக்குக் காப்பி வெச்சுக் குடுத்து..."

"சுக்குக் காப்பி வெச்சது நானு," அப்படின்னாங்க பூவாத்தாக்கா. "இவருக்கு அடுப்பே பத்த வெக்கத் தெரியாது."

நாச்சிமுத்து ஐயா நிமுந்து உக்காந்தாரு. "அப்ப அந்தக் குக்கபரா நெசமா அம்மிணி?"

"காப்பி வெச்சது நெசமுங்க."

அண்ணன் வேகத்தைக் கூட்டுனாரு. "அது தொண்டை கட்டிக் கெடந்தப்பத்தான் நான் ஏமாந்தேன். மலைக்காட்டுல ஒரு புதருக்குள்ள நாப்பது பறவை கத்துது. நாப்பதுக்கும் டிக் போட்டுட்டேன். கடைசியில பாத்தா என்ற பட்டறை லேத்து மிசினு ஓடற சத்தம் வருது! வெலக்கிப் பாத்தா ஒரே ஒரு பறவை. யாழ்ப்பறவைம்பாங்க. காதுல உழுந்ததை அப்படியே திருப்பிக் கத்தும்."

"உங்க லேத்து அதுக்கு எங்கிருந்துண்ணா காதுல உழுந்துச்சு?" அப்படின்னு கேட்டேன் நானு.

"மத்தியானம் அந்த மரத்தடியில சித்த நேரம் தூங்குனேன் கண்ணு. குறட்டை உட்டிருப்பேன். அதுமட்டுமா, என்ற குரல்லயே 'அம்மிணி, காப்பி கொண்டா'ன்னு கூப்பிட்டுச்சு. இவ ஓடியாந்து புதருக்குள்ள டம்ளரை நீட்டிட்டா. அது குடிச்சுப்போட்டு, சக்கரை பத்தலைன்னுச்சு!"

"சக்கரை சரியாத்தான் இருந்துச்சு," அப்படின்னாங்க அக்கா, கடலையில இருந்து கண்ணை எடுக்காம.

கேக்கறவன் கேணையனா இருந்தாக் கேப்பையில நெய் வடியுதும்பாங்க. டீக்கடைக்காரரே அடுப்பை உட்டுப்போட்டு வந்து நின்னுட்டாரு.

"இதுக்கே வாயப் பொளந்தா எப்படி?" அண்ணனுக்கு ஏறிருச்சு. "ஆப்பு வால் கழுகு கேள்விப்பட்டிருக்கீங்களா? றெக்கைய விரிச்சா ஏரி மதகுல இருந்து இந்தக் கடை வரைக்கும் நெழலு. வெட்டவெளியில நின்னுட்டிருந்தேன். வேட்டியோட சேத்து ஒரே அமுக்கா அமுக்கித் தூக்கிட்டுப் போயி, மலை உச்சியில கூட்டுக்குள்ள போட்டுருச்சு. ரெண்டு குஞ்சு. செத்தோம்னு கொலதெய்வத்தைக் கூப்புடறேன். திங்கலைங்க! அந்த ஊருக்கு நாந்தானே புதுப் பறவை? குஞ்சுகளுக்கு அடையாளம் சொல்லிக் குடுக்கத்தான் எடுத்தாந்திருக்குது. காலு என்ன நெறம்னு பாக்குது, மூக்கு எத்தனை நீளம்னு பாக்குது. பின்னாடி தொங்குன வேட்டி நுனிய வாலுன்னு நெனச்சு விரிச்சு விரிச்சுப் பாக்குது. ஒரு குஞ்சு கொக்குங்குது, இன்னொண்ணு ஆந்தைங்குது."

"கழுகு பாஷை உங்களுக்கு எப்படிண்ணா புரிஞ்சுது?"

"சத்தம் போட்டுச் சண்டை போட்டா எந்த பாஷையும் புரியும் கண்ணு. அதுக ஒவ்வொரு பேராச் சொல்லச் சொல்ல, கீழ இருந்து, தொண்டை சரியாப்போன என்ற குக்கபரா சிரிக்குது. தாய்க்கழுகுக்கு அவமானமாப் போச்சு. எடுத்த எடத்துலயே கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போயிருச்சு. வேட்டி மடிப்புக் கலையலைங்க!"

நாச்சிமுத்து ஐயா டீ டம்ளரைக் கீழ வெச்சாரு. "கூட்டுக்குள்ளயே போயிப் பாத்த ஆளு நம்ம சங்கத்துல இதுவரைக்கும் இல்லை. நெசம்னாத் தலைமை உனக்குத்தான். சொல்லுங்க அம்மிணி, இவரைக் கழுகு தூக்குச்சா?"

அண்ணன் அக்காளைப் பாத்தாரு. பட்டறையில நாலு ஆளை அதட்டி வேலை வாங்கற மனுசன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கண்ணாலயே கெஞ்சுனாரு. எனக்கே பாவமாப் போச்சு.

அக்கா மடியில கெடந்த கடலைத் தொலியத் தட்டி உட்டாங்க. "இல்லைங்க. பொய்யி."

அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு.

"கழுகு இவரை எங்க தூக்குச்சு? என்னையத்தான் தூக்குச்சு."

டீக்கடைக்காரர் கையில இருந்த வடிகட்டி கீழ உழுந்துச்சு.

"மொதல்ல இவருகிட்டத்தான் எறங்குச்சுங்க. முன்னாடி ஒருக்காப் பாத்துச்சு, பின்னாடி ஒருக்காப் பாத்துச்சு. 'இது எல்லா ஊர்லயும் கெடக்கறதுதான்'னு உட்டுப்போட்டு என்னையத் தூக்கிட்டுப் போயிருச்சு."

நாங்க சிரிச்ச சிரிப்புல ஏரியில இருந்த நாமக்கோழியெல்லாம் பறந்துருச்சு. நாச்சிமுத்து ஐயா மட்டும் சிரிக்கலை. "இதுக்குச் சாட்சி?"

எல்லாரும் அண்ணன் பக்கம் திரும்புனோம். இல்லைன்னா மொத்தக் கதையும் போச்சு, ஆமான்னாத் தொலைநோக்கி போச்சு. மனுசன் கடை ஓரமாத் தொலைநோக்கியோட நின்ன அந்த முக்காலியவே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாரு. தலைமை தன்ற ஊட்டுக்குள்ளயாவது வரட்டும்னு நெனச்சாரோ என்னமோ.

"ஆமாங்க, இவளைத்தான் தூக்குச்சு," அப்படின்னாரு. "மேல போறப்ப இவ செருப்பு ஒண்ணு உழுந்துச்சு. நாந்தான் பொறுக்கிட்டு வந்தேன்."

"சட்டம்னா சட்டம். இந்த வருசம் அம்மிணிதான் தலைவர்," அப்படின்னாரு நாச்சிமுத்து ஐயா.

பூவாத்தாக்கா எந்திரிச்சுச் சேலையை உதறிக்கிட்டாங்க. "ரெண்டு செருப்பும் உழுந்துச்சுங்க. இவரு கண்ணுல ஒண்ணுதான் பட்டுச்சு."