முருங்கைக்கு ஊற்றிய செம்புத் தண்ணீர்

கிணறு வற்றிப் போச்சு. மூன்று நாளைக்கென்று வந்த ஐந்து பேர் ஏழு மாதம் இறைத்தால் எந்தக் கிணறும் வற்றும்.

மருதங்காட்டை ஓர் அரசன் ஆண்ட காலம் அது. நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சவுக்கெடுப்பான். அவன் கோட்டைக்கு வெளியே மாசிலாமணிக்கு ஒரு வீடு. பின்கட்டில் வாடகைக்கு இருந்தவன் பூக்கட்டும் மருதை. வந்தவர்கள் அவன் தங்கை பூவாத்தாள், அவள் புருஷன், மூன்று பிள்ளைகள்.

மாசிலாமணியின் மகளுக்குத் தலைப்பிரசவம். அழைத்து வர வேண்டும். கிணற்றிலோ சேறு. "எப்பய்யா கிளம்புறாங்க?" என்றால் மருதை தலையைக் குனிந்துகொள்வான். பொறுத்துப் பார்த்தார். பூவாத்தாளையும் கூட்டிக்கொண்டு அரசவைக்கே போய்விட்டார்.

"விருந்தாளிங்க நகர மாட்டேங்குறாங்க, மகாராசா. இந்தப் பொம்பள விடிஞ்சா ஒரு செம்புத் தண்ணிய முருங்கை மரத்துக்கு வீணா ஊத்துறா!"

அரசனின் படைத்தலைவன், தளவாய் விசயரங்கன் எகிறினான். "உங்கள் ஊர் கீழேரியில் வீடு வாசல் இருக்கையில் இங்கே என்னடி வேலை?" பேசாதே என்றது அவன் கண்.

பூவாத்தாள் அசரவில்லை. "போயிடுறோம், ராசா. தண்ணி குடுத்தவருக்கு எங்க வீட்டுல ஒரு வேளை சோறு போடணும். நீங்களும் வரணும்."

"ஏழை வீட்டு விருந்தா? பார்த்ததே இல்லையே! புறப்படு!" என்றான் அரசன்.

"காட்டு வழி, பிரபு. வெயில் வேறு..." என்று இழுத்தான் தளவாய்.

"உன்னையும் அழைத்ததாக வைத்துக்கொள்."

போனார்கள். கீழேரியில் ஊரே இல்லை. ஏரிக்கரை உடைந்து கிடந்தது. வீடுகள் இருந்த இடத்தில் வெடித்த வண்டல்.

"ஏரி நிரம்பி வழிகிறது என்றாயே?" என்று அரசன் தளவாயைக் கேட்டான்.

பூவாத்தாள் முந்திக்கொண்டாள். "கரைக்கல்லு பூரா இவரு மாளிகைக்குப் போயிடுச்சு, ராசா. உடைஞ்சதுன்னு வெளியே சொன்னா தலை இருக்காதுன்னாரு. நீங்களே பாக்கட்டும்னுதான் கூப்பிட்டேன்."

ஓரத்தில் ஒரு சின்ன மண்மேடு. குனிந்து தொட்டாள். "கடைசிப் பொண்ணு. வெள்ளத்துல கை நழுவிட்டா. தாகம் தாங்க மாட்டா. தினம் இவ்வளவு தூரம் வர முடியல. அதான் அங்க முருங்கைக்கு ஊத்தினேன்."

மாசிலாமணி தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். அந்த ஒரு செம்பைத்தான் அரசவையில் கூவியிருந்தார்.

அரசன் பல்லக்குப் பக்கம் திரும்பினான்.

"கை நனைக்காம போகக் கூடாது, ராசா. விருந்துன்னு வந்துட்டீங்க."

"எங்கே சமைப்பாய்?"

"அடுப்பு வேணும். அடுப்புக்கு வீடு வேணும். வீடு நிக்கக் கரை வேணும்."

விருந்துக்கு வந்து சாப்பிடாமல் திரும்பினவன் அந்த நாட்டில் கிடையாது. கரை எழும்வரை தங்க அங்கேயே கூடாரம் அடிக்கச் சொன்னான் அரசன்.

கரைக்கல்லுக்காகத் தளவாயின் மாளிகையை இடித்தார்கள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தளவாய் தலையில் கல் சுமந்தான். மாசிலாமணி யாரும் சொல்லாமலே மண் சுமந்தார். கரை எழுந்தது. புது அடுப்பில் வெந்த கேழ்வரகுக் களியை அரசன் தின்றான்.

விருந்தாளிகள் ஊர் திரும்பியதும் மாசிலாமணியின் கிணறு ஊறியது. மகள் வந்தாள், பேத்தி பிறந்தாள். விடிந்தால் முருங்கைக்கு ஒரு செம்பு ஊற்றுகிறவர் இப்போது மாசிலாமணி.

கரைக்கல்லில் அரசன் பேரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பொய். அந்தக் கரையைக் கட்டியவள் பூவாத்தாள்.