கோட்டோரம் நின்ற பதினெட்டாவது ஆள்

கடற்கரை ஊர் ஒன்றின் கால்பந்து அணியில் பதினெட்டுப் பேர். பதினெட்டாவது ஆள் கிளீட்டஸ். அந்தப் பருவம் முழுக்க அவன் பெஞ்சை விட்டு எழுந்ததே தண்ணீர் குடிக்கத்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கிளப் தலைவர் பெர்க்மான்ஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "லே கிளீட்டஸ், அடுத்த வருசம் ஒனக்க இடம் எனக்க மச்சினனுக்கு."

"ஒரு வாய்ப்பு குடுங்க தலைவரே."

"குடுக்கேன். நாளைக்கு ஒன்னக் களத்துல எறக்க மாட்டேன். ஆனா ஒன்னால ஒரு கோல் விழணும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அடிக்கது யாருக்க காலானாலும் சரிதானா?"

"எவனுக்க காலானாலும் சரிலே!"

மறுநாள் எண்பது நிமிடம் ஆகியும் கோல் இல்லை. கோல் அடிக்க வேண்டிய டைட்டஸ் இடுப்பில் கைவைத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நிச்சயித்த பெண்ணின் வீட்டார் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். கிளீட்டஸ் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். கோட்டோரம் போய், டைட்டஸையே பார்த்தபடி பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

கோல் விழாத கோபத்தில் தலைவர் மனம் மாறிவிட்டார், வருங்கால மாமனார் பார்க்கத் தன்னை வெளியே எடுத்துக் கிளீட்டஸை இறக்கப்போகிறார் என்று டைட்டஸ் பதறினான். பேய் விரட்டியது போல் ஓடி, மூன்று பேரைத் தாண்டிக் கோல் அடித்தான். கிளீட்டஸ் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கோப்பை கைக்கு வந்தபின் டைட்டஸே நடந்ததைச் சொன்னான். பெர்க்மான்ஸ் விடவில்லை; கோப்பையைப் பார்க்க வந்து நின்ற மச்சினனைக் கைகாட்டினார்.

"கயிறு கட்டினதுக்கு ஒரு எடமாலே? எனக்க மச்சினனும் கட்டுவான்!"

"கட்டுவாரு தலைவரே. ஆனா அவர எறக்குத அளவுக்கு நீங்களே துணிய மாட்டீங்கன்னு டைட்டஸுக்குத் தெரியுமே!"

முதலில் சிரித்தது மச்சினன்தான்.